முப்பதாவது நொடி

பீல் நகரத்துத் தெருப்பலகைகளுக்கு இரண்டு நாக்கு,
ஜெர்மன் ஒன்று, பிரெஞ்சு ஒன்று,
ஒன்றின் எச்சில் மற்றதில் படாமல்.

அங்கே கடிகார ஆலையின் மூன்றாம் மாடியில்
நொயெமி ஆஃபோல்டர்
பழுதுபார்க்கும் கையேட்டுக்குச் சொல் அடுக்குகிறாள்.
பதினேழாம் உறுப்பில் வந்து நிற்கிறது வேலை
மூன்று நாளாய்.

படம் இருக்கிறது. பெயர்தான் தகராறு.
மிளகைத் தட்டி நசுக்கிய அளவு எஃகுத் தகடு,
நடுவில் துளை,
சீட்டுக்கட்டில் வருமே ஆட்டின், அந்த வடிவம்.
பிரெஞ்சில் அது நெஞ்சு.
ஜெர்மனிலும் நெஞ்சுதான், ஆனால்
முன்னால் ஒரு சுழியையும் வினையையும் கோத்துவிட்டு
மூச்சுவிட இடமில்லாமல் ஒரே சொல்:
சுழிக்குமீட்கும்நெஞ்சு.

தலைமையகத்துக் கடிதம் சொல்கிறது:
உடலைக் குறிக்கும் சொற்கள் வேண்டாம்.
'மீளமைப்பு நெம்புருள்' என்றே எழுதவும்.

ஆறாம் உறுப்பு விரல். ஒன்பது மூக்கு.
பன்னிரண்டில் தோள் இருக்கிறது.
அவற்றின்மேல் யாரும் கோடு கிழிக்கவில்லை.

எழுதிப் பார்த்தாள், நெம்புருள்.
நல்ல சொல்தான். தப்பு சொல்ல முடியாது.
ரயிலில் யாரோ விட்டுப்போன குடைபோலத்
தாளில் கிடந்தது.

கோப்பையில் காபியை அப்படியே விட்டு
கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

மிர்வேதே க்ராஸ்னிச்சி
கண்ணில் கவ்விய உருப்பெருக்கியைக் கழற்றாமலே கேட்டாள்.
"எங்கள் மொழியில் ஸெமர்."
"இதற்கும் அதுதானா?"
"இதை நான் கூப்பிடுவதில்லை.
இடுக்கியால் எடுப்பேன், வைப்பேன்."

அவள் முன்னால் ஒரு கடிகாரம் திறந்து கிடந்தது.
ஆண்டர்மாட்டிலிருந்து பனிச்சறுக்குப் பயிற்சியாளர் ஒருவர்
கோபக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியது:
எங்கே நிறுத்தினாலும் முள் பன்னிரண்டுக்கு ஓடி வருகிறது,
முப்பதில் நிறுத்தினால் மட்டும் வருவதில்லை.

"பார்," என்றாள் மிர்வேதே. "இரண்டு சுருளை
முதுகோடு முதுகு ஒட்டவைத்ததுதான் இது.
சுத்தியல் எங்கே விழுந்தாலும் சரிவில்தான் விழும்,
வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கும்.
பத்தாவது நொடியா, வந்த வழியே.
ஐம்பதா, மிச்ச வழியே.
கிட்டத்துப் பக்கம் எதுவோ அது.
முப்பதில் இரண்டு பக்கமும் ஒரே தூரம்.
அங்கே சுத்தியல் நுனியில் விழுகிறது.
நுனி ஊசியாக இருந்தால் நிற்க இடமில்லை, சரிந்துவிடும்.
மழுங்கியிருந்தால்
உட்கார்ந்துகொள்ளும்."

"யார் மழுக்கினது?"

"நான்தான். போன வருஷம்.
மெருகு போட்டேன். கூராக இருந்தது,
பார்க்க நன்றாக இல்லை."

மேசை ஓரத்தில் குடியுரிமைப் படிவம்,
பாதி நிரப்பியது,
மேலே பாரத்துக்கு ஒரு திருகுப்பெட்டி.
நொயெமியின் பார்வை போன இடம் அவளுக்குத் தெரிந்தது.
"அங்கே இருபத்தைந்து வருஷம்," என்றாள்,
"இங்கே இருபத்தைந்து. இந்த மார்ச்சோடு."
வேறெதுவும் சொல்லவில்லை.
புது நெஞ்சு ஒன்றைப் பொதியிலிருந்து எடுத்து
அச்சில் அழுத்தினாள்.
நுனியைத் தொடவில்லை.

பிறகு இருவருமாகச் சோதித்தார்கள்.
ஓடவிட்டு, முப்பதில் நிறுத்தி, பொத்தானை அமுக்கி.
டக்.
முள் பன்னிரண்டில்.
மறுபடி, டக்.
பத்து முறை.

அன்று மாலை கையேட்டில்
பதினேழுக்கு நேரே 'நெஞ்சு' என்று எழுதினாள் நொயெமி.
திருத்தினால் திருத்தட்டும்.
அடியில் ஒரு வரி:
நுனியை மெருகிட வேண்டாம்.

பத்தில் ஆறு முறை முள் இடப்பக்கமாக வந்தது,
நான்கு முறை வலப்பக்கமாக.
அதற்கு எந்தப் பலகையிலும் சொல் இல்லை.
எழுத நினைத்தாள், எழுதவில்லை.