உள்தகடு

காலை ஆறே காலுக்கு
அமராத் மலைச்சாலை இறக்கத்தில்
அது கத்தத் தொடங்கும்.
தகரத்தில் கரண்டியை இழுத்தாற்போல.
பக்கத்து லேன்காரர்கள்
ஏற்றிய கண்ணாடிக்குள்ளிருந்தும் திரும்பிப் பார்ப்பார்கள்.
நான் ரேடியோவைக் கூட்டுவேன்.

வாடி கபீர் ஒர்க்‌ஷாப்பில் நாற்பத்திரண்டு ரியால் கேட்டார்கள்.
என்ன கோளாறு என்றேன்.
பிரேக் என்றார்கள்.

பாலைவனக் கேம்பிலிருந்து அறவாழி சொன்னார்:
தூசியாத்தான் இருக்கும், தண்ணி அடிச்சுப் பாரு.
அடித்தேன்.
ஒரு நாள் அமைதி.
மறுநாள் இன்னும் கூர்மை.

பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.
ரிவர்ஸில் சத்தமில்லை.
அழுத்தி மிதித்தால் அடங்கிவிடுகிறது,
லேசாகத் தொட்டால்தான் அழுகிறது.
இறங்கியதும் வலது முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனால்
அடுப்பு.
மற்ற மூன்றிலும் வெறும் வெயில் சூடு.

வெள்ளிக்கிழமை, வெயில் எழுமுன்
பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து
ஸ்பானர் மேல் ஏறி நின்றேன்.
என் ஐம்பத்தொரு கிலோ போதவில்லை.
அடுத்த வீட்டு ஜுவைனா
அபாயாவின் கையை முழங்கைக்குச் சுருட்டிக்கொண்டு வந்து
பக்கத்தில் ஏறினாள். ஒரு குதி.
நட்டு மனமிறங்கியது.

ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்துச்
சக்கரத்தைக் கழற்றியதும் தெரிந்தது
வெளித்தகடு. விரல் கனம்.
நல்லாத்தானே இருக்கு, என்றாள் ஜுவைனா
தன் மஸ்கட் இந்தியில்.
நானும் மூடிவிட்டிருப்பேன்,
அந்தச் சூடு மட்டும் கையில் இல்லாவிட்டால்.

காலிப்பரின் கீழ்போல்ட்டை எடுத்து
மேலே தூக்கிப் பார்த்தால்
உள்தகடு
வெற்றிலைக் கனம்.
அதன் ஓரத்தில் ஓர் இரும்பு நாக்கு
வட்டை உரசி உரசிப் பளபளத்திருந்தது.
கத்துவதற்கென்றே வைத்த நாக்கு.
எந்த ஊர்த் தொழிற்சாலையிலோ
யாரோ ஒருத்தர் வரைபடத்தின் முன் உட்கார்ந்து
யோசித்திருக்கிறார்:
தீருவதற்குள் இது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வழுக்க வேண்டிய பின் ஒன்று
ரப்பர் உறை கிழிந்து, கடல்காற்று புகுந்து,
துருவில் உறைந்து கிடந்தது.
இந்த வண்டி நின்ற இடத்திலெல்லாம்
இந்த ஒற்றைத் தகடுதான் நிறுத்தியிருக்கிறது.
மற்றது கூடவே போய் வந்திருக்கிறது.

பின்னை முறுக்கி இழுத்து, உப்புத்தாள் போட்டு,
சிலிக்கான் கிரீஸ் தடவி, புது உறை மாட்டினேன்.
பழைய தகட்டை வைத்து கிளாம்பால் பிஸ்டனை அமுக்க அமுக்க
பானெட்டுக்குள் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஜுவைனா
பஸ், பஸ், பஸ் என்றாள்.
அரபியா இந்தியா தெரியவில்லை.
போதும் என்று எனக்குப் புரிந்தது.

இடப்பக்கத்துக்கும் புதுசு. ஒன்பதரை ரியால்.
முதல் மிதி பாதாளத்துக்குப் போனது,
வயிறு கலங்கியது.
ஏழாவது மிதியில் கல்லாக நின்றது.

இரவு வீடியோவில் அறவாழி கேட்டார்
சத்தம் போச்சா?
போச்சு. நீங்க எப்படி இருக்கீங்க, உண்மையைச் சொல்லுங்க, என்று அதட்டினேன்.
எனக்கென்ன, நல்லா இருக்கேன்.
விரல் கனத்துக்குச் சிரித்தார்.
அந்த முகத்தைக்
கழற்றிப் பார்க்க எந்த ஸ்பானரும் இல்லை.

ஞாயிறு காலை ஜுவைனாவின் மகன் ஹமத்
வாசலுக்கு வரவில்லை.
தெருமுனை வேகத்தடையில் நான் கத்தும்போதுதான்
அவன் ஷூ மாட்டுவானாம், இத்தனை நாளும்.
ஹார்ன் அடித்தேன்.
ஒற்றைச் சாக்ஸுடன் ஓடிவந்து
வண்டிக்கு என்ன ஆச்சு என்றான்.

இறக்கம் முழுக்க
ஏசியின் முனகல் மட்டும்.
டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு ஸ்க்ரூ உருண்டது,
அதை இன்னொரு வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.

மதிய இடைவேளையில் கூப்பிட்டேன், வீடியோ இல்லாமல்.
சாப்பிட்டாச்சா, என்ன குழம்பு,
புது ஃபோர்மேன் எப்படி.
பிறகு, போகிற போக்கில்:
எங்கேயாவது வலிக்குதா?

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.
அறுந்திருக்கவில்லை.
இடுப்பு, என்றார்.
ரெண்டு மாசமா.