மேல்காற்றுக் கணக்கு

ஷோரூமில் சாவி கொடுத்த பையன்
லிட்டருக்குப் பதினொன்று என்றான்.
அவன் சொன்ன ரோட்டில்
வேகத்தடை இல்லை, காங்கயம் பஸ் ஸ்டாண்டு இல்லை,
பின்னால் நாலு டன் நூல் இல்லை.

இரண்டு வருஷம் ஈரோட்டு நடை.
ஒரு கிளட்ச் பிளேட், இரண்டு ஃபேன் பெல்ட்,
வண்டி என்னை நடுரோட்டில் நிறுத்தியதில்லை.
ஓட்டிய நாட்ராயனும்.

தையில் சோமனூர் நடை பிடித்தோம்.
வெள்ளகோவிலில் ஏற்றி அங்கே இறக்கினால்
எட்டு புள்ளி நான்கு.
டேங்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி
இதுதான் என் பதினொன்று என்று
நோட்டில் எழுதி ஒப்புக்கொண்டேன்.

ஆனியில் ஏழு புள்ளி ஆறு.
அடுத்த வாரம் ஏழு புள்ளி ஒன்று.
நடைக்கு மூன்று லிட்டர்
எங்கோ இறங்கிக்கொண்டிருந்தது.
ஏர் ஃபில்டர் மாற்றினேன்.
ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்,
பிரேக் எங்கும் பிடிக்கவில்லை.
டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன்.
நாட்ராயன் பூட்டைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்கும் ஏழு புள்ளி ஒன்று.
ரிட்டர்ன் பைப்பில் உருவலாமே என்றார் பங்க்காரர்.
சந்தேகத்துக்கு எப்போதும் ஒரு குழாய் கிடைத்துவிடுகிறது.

"காத்துங்கக்கா" என்றான்.
"பொங்கலூர் தாண்டுனா மூஞ்சியிலயே அடிக்குதுங்க.
நாலாவது கியரை உட்டு ஏற மாட்டேங்குது."

ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்று கேட்டிருக்கிறேன்.
டீசல் பறக்கும் என்று யாரும் சொன்னதில்லை.
போகையில் எதிர்க்காற்று என்றால்
வருகையில் பின்காற்றுதானே,
கழித்தால் பூஜ்யம் என்றேன்.
பத்தாம் வகுப்புக் கணக்கில் நூறு வாங்கியவள்.
அவன் தலையைச் சொறிந்தான்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள்
கணக்கு முடித்து அனுப்பினேன்.
சாவியை மேஜையில் வைத்தான்.
வண்டியை ஒருதரம் சுற்றி வந்து
பின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

புது டிரைவர் பிரவீனுக்கு
ஆறு புள்ளி ஒன்பது.

ஒரு நடை நானே பக்கத்து சீட்டில் ஏறினேன்.
பாலக்காட்டுக் கணவாயில் யாரோ
கதவைத் திறந்து வைத்துவிட்டுச்
சாத்த மறந்த மாதிரி.
தார்ப்பாய் மூச்சுப் பிடித்து விம்மியது.
இரண்டு பக்கமும் காற்றாலைகள்
வெறிபிடித்துச் சுற்றின.
யாருக்கோ யூனிட் கணக்கில் ஏறியது
எனக்கு லிட்டர் கணக்கில் இறங்கியது.

திரும்பி வருகையில் காலி வண்டி.
முதுகில் கை வைத்துத் தள்ளத்தான் செய்தது.
ஆனால் மேல்காற்று நல்ல கடன்காரன் இல்லை.
போகையில் பத்து வாங்கினால்
வருகையில் நாலு தந்துவிட்டு
மீதியைப் பற்றிப் பேசுவதில்லை.

புரட்டாசியில் மரங்கள் அசையாமல் நின்றன.
எட்டு புள்ளி மூன்று.
பிரவீன் கை பழகிவிட்டது என்றார் மில் மேனேஜர்.
பிரவீன் அதே மாதிரிதான் ஓட்டினான்.

நாட்ராயனுக்குப் போன் போட்டேன்.
ராய்ப்பூர் பக்கம் ரிக் வண்டியில் இருந்தான்.
கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்தினான்.
மன்னிப்பு என்ற சொல்லை எப்படிக் கத்துவது?
"எட்டு மூணு குடுக்குது" என்றேன்.
"குடுக்குமுங்க. ஐப்பசியில இன்னுங் கொஞ்சம் குடுக்கும்.
இடது பின் டிரம்மை மட்டும் அப்பப்பத் தொட்டுப் பாருங்க,
அதுக்குச் சூடேறற புத்தி உண்டு."
அவனுக்கு அங்கே ஒரு நாளைக்கு நானூறு லிட்டராம்.
"எவனுங் கணக்குக் கேக்கறதில்லீங்க."
சிரித்தானா என்று
கம்ப்ரசர் கேட்க விடவில்லை.

நோட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர், லோடு.
ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு இழுத்து
மேலே காற்று என்று எழுதினேன்.
அதில் என்ன நிரப்புவது என்று தெரியவில்லை.
எந்த பங்க்கிலும் அதற்கு பில் தருவதில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு வண்டி வந்து நின்றது.
பிரவீன் போகட்டும் என்று காத்திருந்து
குனிந்து, இடது பின் டிரம்மைத் தொட்டேன்.

சூடாகத்தான் இருந்தது.