ராங் நம்பர் சேலம்

அஞ்சலாட்சி அத்தையின் போனை
என்னிடம் கொடுத்துவிட்டார் மாமா.
வீட்டிலேயே குறைவாகப் பேசுகிறவள் நான்,
சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவேன்
என்று நம்பினார்.

நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
கத்திரிக்கா பான்பரி மார்க்கெட்.
கண்டக்டர் தம்பி வடலூர் வண்டி.
பல்லு டாக்டர் நர்ஸ் நல்லவ.
பல்லு டாக்டர் நர்ஸ் இன்னொருத்தி.
கோமளா இப்ப பேசறதில்ல.
என்னைத் தேடினேன்.
"ஊமக்கோட்டான் தங்கம்" என்று இருந்தது.

லாரன்ஸ் ரோட்டில் ரயில்வே கேட் இருந்த காலத்தில்
திருப்பாப்புலியூரே அதைச் சபித்தது.
அத்தை மட்டும்
கேட் போடும் நேரம் பார்த்துக் கிளம்புவாள்.
பாசஞ்சர் வந்து கடப்பதற்குள்
ஒரு கல்யாணம் பேசி முடித்தவள்.
சுரங்கப்பாதை திறந்த அன்று
"இனிமே எவன் நின்னு பேசப்போறான்" என்று
ராத்திரி சாப்பிடவில்லையாம்.
மாமா மறுக்கிறார். இரண்டு தோசை தின்றாள் என்கிறார்.

ரகசியம் அவளிடம் தங்காது.
நான் கணக்கில் தவறிய சேதி
எனக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்திருந்தது.
பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்
"அக்டோபர்ல எழுதிக்கலாம் பாப்பா" என்று
இரண்டு பிஞ்சு கூடுதலாகப் போட்டார்.
ஒரு வருஷம் அத்தையிடம் நான் பேசவில்லை.
அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.
இரண்டு பேருக்கும் சேர்த்து
அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

பாடையைத் தூக்கும்போது
முன்னால் தோள் கொடுத்தவரை
எங்களில் யாருக்கும் தெரியாது.
கேட்டதற்கு,
"விருத்தாசலம் பஸ்ல ஒருதடவ பக்கத்து சீட்டு" என்றார்.
போதும், அது நெருங்கிய உறவுதான் என்பதுபோல்
தலையாட்டினோம்.

"அத்தை தவறிட்டாங்க."
இரண்டே சொல். நானூறு முறை.
கெடிலம் பாலத்தில் நின்று ஒருவர் அழுதது
லாரிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.
கோமளா என் குரல் கேட்டதும் துண்டித்தாள்.
அரைமணியில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்,
காலில் செருப்பில்லாமல்.

ராங் நம்பர் சேலம்.
கூப்பிடுவதா வேண்டாமா என்று
கடைசிக்குத் தள்ளி வைத்திருந்த பெயர்.

தானே புயல் அடித்து, கரண்ட் இல்லாத பதினோராம் நாள்,
தேவனாம்பட்டினத்துத் தம்பி என்ன ஆனானோ என்று
ஒரு எண்ணைத் தப்பாக அழுத்தியவராம்.
"ராங் நம்பர்" என்றிருக்கிறாள் அத்தை.
அப்புறம்,
"இருங்க. தம்பி பேரு என்ன?"
மரங்கள் குறுக்கே கிடந்த சாலையில்
மாமாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்
அவனைத் தேடிப் பிடித்து,
ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் காசு கொடுத்து ஏற்றிய சார்ஜில்
மிச்சமிருந்ததை
அவன் காதில் வைத்திருக்கிறாள்.

எங்களிடம் இதைச் சொன்னதே இல்லை.
ரகசியம் தங்காதவள்.

"நேர்ல பாத்ததில்லம்மா, ஒருக்காகூட.
செவ்வாய்க்கு செவ்வாய் பேசுவோம்" என்றவர்
போனை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

கருமாதி முடிந்த செவ்வாய்க்கிழமை
போன் அடித்தது.
"தெரியும் கண்ணு... கைப்பழக்கத்துல போட்டுட்டேன்."
கொஞ்ச நேரம் தறி.
"அங்க மழையா?"

ஜன்னல் வழியே பார்த்தேன்.
ஒரு சொல்லில் முடிகிற கேள்விதான்.
"இல்லீங்க" என்றேன்.
"ஆனா சில்வர் பீச் பக்கம் கருத்துக்கிட்டு வருது.
எதிர்வீட்டு அக்கா காயவெச்ச மொளகாய
இன்னும் எடுக்கல. அவங்க பேரு..."

பதினான்கு வருஷமாக எதிர்வீடு.
பெயர் தெரியவில்லை எனக்கு.

"இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று
போனைக் காதில் வைத்தபடியே
தெருவில் இறங்கினேன்.