மேல் எது

துளைக்கருவியைக் கையில் பிடித்தபடி
காளிமுத்து ஆசாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
இதுல மேல் எதுங்க?

எனக்குத் தெரியவில்லை.
அவள் அதைத் தரையில் விரித்து
இடம் மாறி மாறி உட்கார்ந்து தீட்டினாள்.
திங்கள், புதன், வெள்ளி
என் இயந்திரத்தில் நாலரை மணி நேரம்
ரத்தம் கழுவக் கிடப்பாள்.
ஊசி குத்துவதில் என்னை நம்பினாள். மற்றபடி
பேச்சு குறைவு.

நாலு பக்கமும் வளையம் போடுங்க, என்றேன் ஆசாரியிடம்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பதினொரு மாதத் தவணை.
அவள் கைக்கே பணம் போகிற கூடத்தில் வாங்கினேன்,
ஓட்டல் வாசலில் ஒருவன் காரின் பின்பெட்டியைத் திறந்து
பாதி விலைக்குக் காட்டியவற்றில் அல்ல.
சான்றிதழ் உண்டு. எண், அளவு, அவள் முகம்,
அவள் பெயர். பெயரைச் சொல்ல மாட்டேன்,
காரணம் பிறகு.

மதுரை விமான நிலையத்தில் குழாயைப் பிரித்த அதிகாரி
போர்வையா என்றார்.
கீழக்கரையில் பார்த்தவர்கள் எல்லாம்
கடலைத்தான் பார்த்தார்கள்.
அப்பா தீவுக்கு அடியில் பவளப்பூச்சி, என்றாள் லாத்தா.
சாளைக் கூட்டம் திரும்புற நேரம், என்றான்
ஐஸ் கம்பெனி சதக்கு.
மச்சான் நூகு லெப்பை கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
உருவம் இல்லை, தாராளமா மாட்டலாம் என்றார்.

உருவம் இருக்கிறது மச்சான்.
நம் 'ப' எழுத்தின் மூலைகளை வளைத்தால்
மணலில் ஒரு பெண் உட்கார்ந்து எழுந்த தடம்.
ஓரத்தில் ஐந்து பேர், பக்கத்தில் தோண்டுகோல்.
கடலை அவள் பார்த்ததே இல்லை.
கிழங்கு தோண்டுகிறார்கள், என்று மட்டும் சொன்னாள்.
மீதி?
மீதி உனக்கில்லை, என்று சிரித்தாள்
ஊசி இருந்த கையை அசைக்காமல்.

விலையைக் கேட்டு மச்சான் எச்சில் விழுங்கினார்.
பாரதி நகர்ல ரெண்டு சென்ட் முடிச்சிருக்கலாமே.
இதுவும் நிலம்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது.
சொல்லவில்லை. நிலம் அவர்களுடையது,
பட்டா என்னிடம் இல்லை.

கொண்டல் பிடித்தால் இந்த ஊரில் ஆணியும் வியர்க்கும்.
மாத்திரைப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து
சட்டத்தின் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.
கரண்ட் போன ஓர் இரவு
போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு புள்ளியும் ஒரு மேடு.
குச்சியைத் தூக்கும்போது பெயிண்ட் இழுபட்ட
நூல்வால்கூடத் தெரிந்தது.
சில இடத்தில் புள்ளிகள் சோர்ந்து
ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன.
செவ்வாய்க்கிழமையாக இருக்கும்.
கழுவிய மறுநாள் அவளால் நிற்க முடியாது.

பிப்ரவரியில் அந்தக் கூடத்திலிருந்து மெயில்.
குடும்பம் சொல்லும்வரை
பெயரை உச்சரிக்க வேண்டாம், முகத்தைக் காட்ட வேண்டாம்.
நாமோ இறந்தவர் பெயரைப்
பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொல்கிறவர்கள்.
மருந்துக்கடை பில்லைக் கிழித்து
சான்றிதழில் பெயர் மேல் ஒட்டினேன், முகத்தின் மேலும்.
வேறென்ன செய்வதென்று தெரியாமல்
படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன்.
அப்படி யாரும் கேட்கவில்லை.

நேற்று ஜன்னல் கொக்கி போட வந்த ஆசாரி
துணியின் முதுகைப் பார்த்து நின்றார்.
சிவப்பு மண் திட்டு. மூலையில், மஞ்சள் பெயிண்டில்,
நாய்க்கால் தடம், நாலு விரல்.

இதுவும் அவங்க போட்டதா?

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
நாய் எந்தப் பக்கம் போயிருக்கு பாருங்க.
அப்ப அதுதாங்க மேல்.