மிச்சம்

மஞ்சக்குப்பத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மேல்மாடி.
கீழே சிரிஞ்சில் எடுக்கிறார்கள்.
மேலே நாங்கள்
கடலை எடுத்து வைத்திருக்கிறோம்.

தேவனாம்பட்டினம் தொடங்கி சோதிக்குப்பம் தாண்டிக்
கரையையும் கடலையும் கட்டங்களாக அறுத்து
அறுபத்து நாலு கோர்களுக்குப் பங்கு பிரித்தாயிற்று.
வக்கீல் வைக்காத பாகப்பிரிவினை.
வரப்பில் மட்டும்
பக்கத்துப் பங்காளியின் ஒரு வரிசைத் தண்ணீரைப்
படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.
அதற்குப் பேய்க்கட்டம் என்று பெயர் வைத்தது நானில்லை.

உன் ஓரம் எவ்வளவு?
இவ்வளவு. உன்னது?
நொடிக்கு நூறு தடவை இதே பேச்சு.
பேசி முடித்தால்தான் அடுத்த அலை.
ஆழ்கடல்காரர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா நிற்பார்கள்,
உப்பனாற்று முகத்தில்
எது தரை எது தண்ணீர் என்று தெரியாமல்
திண்டாடும் பதினேழாவது கோர் வந்து சேரும்வரை.
அறுபத்து நாலு பேர் என்றால் அறுபத்து நாலு மடங்கு வேகமா
என்று கேட்டார் வேலை கொடுத்த அலுவலர்.
பதினொன்று வந்தது.

அந்தப் பதினொன்றுக்காகத்தான்
பதினாறு இலக்கம் கொள்ளும் எண்களை
ஏழு இலக்கமாகச் சுருக்கினேன்.
பத்தொன்பதானது. அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி.

செவ்வாய்க்கிழமை ஜுபைதா திரையைத் திருப்பிக் காட்டினாள்.
ஒரே கோரில் ஓட்டினால் மொத்த நீர் ஒரு கணக்கு.
எட்டில் வேறு.
அறுபத்து நாலில், ஓட்டத்துக்கு ஒன்று.
"கடைசி இலக்கம்தானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.
"எனக்குத் தெரிஞ்சிடுச்சே."

மூன்று நாள் தேடினோம். பிழை என்று ஒன்றுமில்லை.
யார் முதலில் வருகிறாரோ
அவர் எண் முதலில் கூட்டப்படுகிறது, அவ்வளவுதான்.
எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே
என்று நாலாம் வகுப்பில் எழுதி
மதிப்பெண் வாங்கியவன் நான்.
இங்கே அந்தச் சட்டம் செல்லாது.
வங்காள விரிகுடா முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டால்
ஏழு இருக்கையும் நிரம்பிவிடும்.
பிறகு வருகிறது
சோதிக்குப்பத்தின் முழங்கால் தண்ணீர்.
படியில் கால் வைக்கிறது,
இடமில்லை,
விழுகிறது.
பிழைச்செய்தி எதுவும் வராது.
கணக்கு அழகாகவே முடியும்.

ஜுபைதா நாலு வரி எழுதினாள்.
ஒவ்வொரு கூட்டலிலும்
விழுந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்த்து
தனியாக ஒரு மாறியில் போட்டு வைத்து
அடுத்த எண் வரும்போது அதோடு சேர்த்து ஏற்றிவிடுவது.
மாறிக்குப் பெயர் மிச்சம்.

ஓட்டினோம். எதுவும் மாறவில்லை.

எங்களைவிடப் புத்திசாலி கம்பைலர்.
நாலு வரியையும் படித்துப் பார்த்திருக்கிறது.
கூட்டியதையே கழிக்கிறார்கள்,
இயற்கணிதப்படி இது பூஜ்ஜியம்,
பூஜ்ஜியத்துக்கு எதற்கு நேரம் என்று
வேகம் கருதித் துடைத்துவிட்டது.
வேகம் வேண்டும் என்று
அதனிடம் கொடியேற்றிக் கேட்டிருந்ததும் நான்தான்.

கொடியை இறக்கினேன்.
இரவு ஒன்றே கால்.
ஒன்றில், எட்டில், அறுபத்து நாலில்
ஏழு இலக்கமும் ஒத்துப்போயின.
ஜுபைதா ஒன்றும் சொல்லவில்லை.
முதுநகருக்கு இனி பஸ் இல்லை என்பது மட்டும் நினைவு வந்து
அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அறிக்கையில் ஒரு பட்டியல்.
கூடுதல் நேரம்: ஒன்பது சதவீதம்.
காரணம் என்ற இடத்தில்
மிச்சம் என்று எழுதி அனுப்பினேன்.

காலையில் அலுவலர் கூப்பிட்டார்.
"ஒன்பது பர்சன்ட் அதிகமாகுது.
இதுல என்னய்யா மிச்சம்?"

சட்டென்று வாயில் வரவில்லை.
போனைக் காதில் வைத்தபடி நிற்கிறேன்.
கீழே, முடிவு வாங்கிப்போக
யாருடைய பெயரையோ கூப்பிடுகிறார்கள்.
மறுபடியும் கூப்பிடுகிறார்கள்.