மீதி

பாஸ்போர்ட்டில் என் பெயர்
புஷ்பலீலா ஏ/பி அர்ச்சுனன்.
கிருஷ்ணகிரி அலுவலகத்தில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்தர் கேட்டார்:
"ஏ.பி.ன்னா ஆந்திராதானேம்மா?
அதுக்கெதுக்கு வெளிநாட்டு ஃபாரம்?
குப்பத்துக்கு இங்கயே பஸ் இருக்குதே."

ஆந்திரா இல்லை சார்.
அனாக் பெரம்புவான்.
மலாயில் மகள் என்று பொருள்.
அர்ச்சுனன் மகள் புஷ்பலீலா.

சுடுகொழுக்கட்டையைப் புரட்டுவது போல
வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.
"இதுல அதுக்குக் கட்டமே இல்லையே"
என்று கணவர் பெயருக்குப் போய்விட்டார்.
முனிரத்தினமா, முனிரத்னமா
என்பதில்தான் நேரம் போயிற்று.

காவேரிப்பட்டணத்தில் மாடிவீடு.
கீழே இரும்புக்கடை. எதிரே மாங்கூழ் ஆலை.
கிள்ளானிலிருந்து
சேலைகளுக்குள் சுருண்டு வந்த கெட்டிலின் பிளக்குக்கு
மூன்று சதுரக் கால்கள்.
சுவரில் மூன்று வட்டக் குழிகள்.
இரண்டு நாள் அப்படியே இருந்தன,
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி.
அடாப்டர் வாங்கப் போன இடத்தில்
"அறுபது வெள்ளியா?" என்று கேட்டுவிட்டேன்.
கடைக்காரர் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.
"செவ்வாய்ங்க" என்றார்.

நாலு மணி ஆனால் கால் தானாக
மொட்டைமாடிக்கு ஓடும்.
அங்கே நாலு மணி என்றால் மழை.
துணியை எடுக்காவிட்டால் அம்மா கத்துவாள்.
இங்கே பங்குனி.
கொடியில் சட்டைகள் அப்பளமாக விறைத்து நிற்கும்.
பக்கத்து மாடியில் மிளகாய் உலர்த்தும் மாதம்மா
முதல் வாரம் பார்த்தாள்.
அடுத்த வாரம் சிரித்தாள்.
அதற்கடுத்த வாரம் நான் ஓடியதும்
அவளும் எழுந்து
பாதி காய்ந்த மிளகாயை முறத்தில் அள்ளினாள்.
வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.
"நீ ஓடறதப் பாத்தா
நெசமாவே வந்துருமோன்னு இருக்குது" என்றாள்.

இவர் பதினோரு வருடம் அங்கே இருந்தவர்.
எட்டுப் பேர் படுத்த அறையில்
ஓர் ஆணி மட்டும் தன்னுடையது என்பார்.
அதில் சட்டை, பை, சம்பள நாள் வரை
எல்லாம் தொங்கியதாம்.
இப்போது சுத்தியலோடு நிற்கிறார்,
உனக்கு எத்தனை ஆணி வேண்டும் என்று.
ஒன்று போதும் என்றேன்.
காலண்டருக்கு.
அங்கிருந்து கொண்டுவந்தது.
இங்கே இல்லாத விடுமுறைகள்
அதில் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கின்றன.

ஆனி பிறந்ததும்
பெங்களூரா மாம்பழ லாரிகள்
பாலம் வரைக்கும் வரிசை கட்டின.
ராத்திரியெல்லாம் தோலும் கொட்டையும் புளித்தன.
எங்கள் வீட்டுப் பின்னால் செம்பனை ஆலை.
அதுவும் இப்படித்தான், இனிப்பும் குமட்டலுமாய்.
மூக்குக்கு ஊர் தெரியாது போலிருக்கிறது.
வந்த நாளிலிருந்து
அன்றுதான் விடியும்வரை தூங்கினேன்.

கேஸ் புத்தகத்திலும் அதே ஏ.பி.
சிலிண்டரைத் தோளில் ஏற்றி
இருபத்திரண்டு படி வந்த பையன்
பெயரைப் படித்தான், பணத்தை வாங்கினான்,
மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:
"மீதி ஏ ஊரம்மா?"

மீதியை நீயே வச்சுக்க தம்பி, என்றேன்.

நோட்டைப் பிடித்த கையோடு நின்றான்.
பக்கத்து மாடியிலிருந்து மாதம்மா கத்தினாள்:
"உன் ஊரு எதுன்னு கேக்கறான்டி, தெலுங்குல!"

மீதி.
எந்த ஊர்.

கிள்ளான் என்றால்
வெயிலில் அவனை நிறுத்தி வைத்துக்கொண்டு
அப்பா, கப்பல், தாத்தா என்று ஆரம்பிக்க வேண்டும்.
காவேரிப்பட்டணம் என்றால்
மாதம்மாவே சிரிப்பாள்.
குப்பம் பக்கம், என்றேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!
அவன் அக்கா வீடு அங்கேதானாம்.
சிலிண்டரை அடுப்படிவரை உருட்டிப் போய்
ரெகுலேட்டரை மாட்டி
ஒருமுறை பற்றவைத்தும் காட்டினான்.
வேண்டாம் என்றாலும் கேட்காமல்
மீதியை மேடையில் எண்ணி வைத்துவிட்டு
இறங்கிப் போனான்.

பதினேழு ரூபாய்.