எடுத்துக்கோங்க

எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே
கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எண்ணினேன்.
நாற்பத்தொன்றுக்கு மேல் தூசியில் தெரியவில்லை.

சாயங்காலம் நாங்கள் ஏற்றிய பதிப்பில்
இருபத்துநாலு டன் சரக்கு
இருபத்துநாலாயிரம் டன் என்று
கேட் பாஸில் அச்சாகிறது.
எந்த வரி யார் எழுதியது என்று காட்டும்
கட்டளை ஒன்று உண்டு. போட்டுப் பார்த்தேன்.
நான்தான்.

திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது,
டெல்பினின் கிளையில்,
அவள் வேலையை விட்டுப் போன மார்ச்சிலிருந்து.
அதே கிளையில்
பாதியில் நிற்கும் பில்லிங் பக்கம்,
கட்டம் கட்டமாக உடையும் எழுத்துரு,
‘சும்மா’ என்று பெயரிட்ட பதினோரு கமிட்.
மொத்தமாக இணைத்தால்
விடிவதற்குள் கப்பலையும் நிறுத்திவிடலாம்.
எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஏழு வரி.

செர்ரி பறிப்பது என்று இதற்குப் பெயர்.
செர்ரியை நான் மரத்தில் பார்த்ததில்லை.
தேரடி பேக்கரி கேக்கில் இருப்பது
சாயம் ஏற்றிய களாக்காய் என்று
டெல்பின்தான் சொன்னாள்,
என் பிறந்தநாளில்,
நான் வாயில் போட்டுக்கொண்ட பிறகு.

கட்டளையை அடித்தேன்.
மோதல்.
அந்த ஏழு வரி, நான் எடுக்காமல் விட்ட
வேறொரு நாளின் மேல் நிற்கிறது:
கிலோவை டன்னாக்கும் சின்னச் செயல்கூறு.
அதையும் எடுத்தேன். அதன் கீழே இன்னொன்று.
காசிமேட்டில் கூடைக்குள் கைவிட்டு
ஒரு நண்டை எடுத்தால்
அதன் காலைப் பிடித்துக்கொண்டு
இன்னும் இரண்டு வருமே, அப்படி.

கீழே ஒருவர் சைக்கிளில் டீ கேனோடு
லாரி லாரியாக நின்று போகிறார்.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
ஹாரன் அடித்துப் பயனில்லை என்று
எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நேரம், ரெண்டே கால்.

சோதனைகள் பச்சையாயின.
கமிட்டின் நீள எண் மாறிவிட்டது.
கிளை விட்டுக் கிளை வந்தால் மாறும்.
எழுதியவர் பெயர் மாறவில்லை:
டெல்பின் ஆக்னஸ், மார்ச் ஒன்பது, இரவு 11.52.
சேர்த்தவர் என்று அடுத்த வரியில் நான்.

மார்ச் ஒன்பது.
“எடை தப்பா வருதுடி” என்று அவள் சொன்னதும்
“உன் வேலையைப் பாரு” என்று நான் சொன்னதும்
அன்று மத்தியானம்.

பார்த்திருக்கிறாள்.
குறிப்பில் ஒரு வரியும் வைத்திருக்கிறாள்:
எடை சரி பண்ணியாச்சு. வேணும்னா எடுத்துக்கோங்க.

போனில் அவள் எண் வரை போனேன்.
மூன்று மணிக்கு எழுப்பி என்ன சொல்ல?
ஜன்னலுக்கு வந்தேன்.
டீக்காரர் காலி கேனைக் கட்டிக்கொண்டிருந்தார்.
நாற்பத்தொன்றில்
இரண்டு போயிருந்தன.